கிராமக் காட்சியில் சேரி இல்லை

பள்ளிக்கூடம் போன யாரிடமும் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து 'கிராமக் காட்சி' வரையச் சொல்லுங்கள். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு கூரைவீடு, பக்கத்தில் தென்னை மரம், வானத்தில் நாலைந்து பறவை. கொஞ்சம் கைத்திறன் உள்ளவர் என்றால் கோபுரமும் குடம் சுமக்கும் பெண்ணும் சேரும். மலை தெரியும் வேலூர்ப் பக்கத்துப் பிள்ளையும் இதையே வரையும், மலையே தெரியாத தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளையும் இதையே வரையும். இந்தப் படத்தில் சேரி இல்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் கிடக்கும் ஓடையோ வயலோ இல்லை. தனிச் சுடுகாட்டுப் பாதை இல்லை. தனிக் குவளை வைத்த டீக்கடை இல்லை. கிராமத்தைக் கிராமமாகப் பிரித்து வைத்திருப்பது எதுவோ அதை நீக்கிவிட்டுத்தான் கிராமம் என்ற காட்சியே கட்டமைக்கப்பட்டிருக்கிறது.

இதை ரசனைக் குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. பார்வையைப் பழக்குகிற வேலை இது. எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்த்தும் பார்க்காத மாதிரிக் கடந்து போக வேண்டும் என்பதைப் பத்து வயதிலேயே பென்சில் வழியாகக் கையில் ஏற்றிவிடுகிறார்கள். என் சித்தி மகன் ஒருவன் நன்றாக வரைவான். எட்டாவது படிக்கும்போது ஓடையை வரைந்து, ஓடைக்கு அந்தாண்டை ஊரையும் இந்தாண்டை எங்கள் தெருவையும் வரைந்து கொண்டுபோனான். எங்கள் தெரு கொஞ்சம் பெரிதாக வந்திருந்தது. கிட்ட இருப்பது பெரிசாத்தானே தெரியும்? ஓவிய வாத்தியார் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் போட்டிருக்க. ஆனா ஓடைக்கு இந்தாண்ட இருக்கிறதெல்லாம் எதுக்குடா? காம்போசிஷன் கெட்டுப்போவுது பாரு" என்று ரப்பரை நீட்டியிருக்கிறார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தன் காசில் அவனுக்குக் கலர் டப்பா வாங்கிக் கொடுத்தவர். அழகு என்று தனக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டதை அவர் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. சாதி சொல்லித் திட்டியிருந்தால் வழக்குக் கொடுக்கலாம். காம்போசிஷன் கெட்டுப்போவுது என்பதற்கு எந்த ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுப்பது?

இந்த அழகு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஒரு நூற்றைம்பது வருசத்துக்கும் மேல் பின்னே போக வேண்டும். சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. இங்கிலாந்தில் தொழிற்சாலைக்கு ஆள் தயாரிப்பதற்காகப் பயன்பட்ட முறையே இங்கும் வந்து இறங்கியது. முதலில் தட்டையான அச்சுப்படத்தைப் பார்த்துக் கோடு. பிறகு கனசதுரம், உருளை, கூம்பு. பிறகு பிளாஸ்டர் சிலை. உயிருள்ள உடம்பு கடைசியில். தமிழ்நாட்டில் அரசு தொழில்நுட்பத் தேர்வு என்று ஒன்று இருக்கிறதே, ஓவியத்துக்கு லோயர், ஹையர் என்று இரண்டு படியாக, அதன் 'ப்ரீஹேண்ட் அவுட்லைன்', 'மாடல் டிராயிங்' என்ற பெயர்களே இந்த வம்சாவளியைச் சொல்லிவிடும். ஹையர் முடித்து, பயிற்சியும் முடித்தால் ஓவிய ஆசிரியர் ஆகலாம். நம் தெருப் பிள்ளைகள் பலர் அந்த ஆசையில் அந்தத் தேர்வை எழுதியிருக்கிறார்கள். ஆனால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஓவியத்துக்கு மார்க் கிடையாது. மார்க் இல்லாத பீரியடு கணக்கு வாத்தியாருக்குப் போய்விடும்.

மார்க் உள்ள ஓவியம் வேறு இடத்தில் இருக்கிறது. சி.பி.எஸ்.இ. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் ஓவியம் ஒரு முழுப் பாடம். எழுத்துத் தேர்வுக்கு 30, செய்முறைக்கு 70. பொருள்களைப் பார்த்து வரைவது, கற்பனையாக ஒரு காட்சியை அமைப்பது, வருசம் முழுக்கச் செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டுவது என்று ஒழுங்காகப் போகிற பாடம்தான். இந்தப் பாடம் எடுக்கக்கூடிய பள்ளி எது, அங்கே படிக்கிற பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எழுத்துத் தேர்வுக்கான கலை வரலாற்றைத்தான் நாம் உன்னிப்பாகப் படிக்க வேண்டும். சிந்துவெளி, பௌத்தம், கோயில் சிற்பம், ராஜஸ்தானிச் சிற்றோவியம், முகலாயர், வங்காளப் பள்ளி என்று அரண்மனையும் கோயிலுமாக நடந்து, கடைசியில் நவீனத்துக்கு வருகிறது. அங்கே பல ஆண்டுகளாகப் பட்டியலில் இருந்து வருகிற படைப்புகளைப் பாருங்கள். அமிர்தா ஷெர்கிலின் 'மஞ்சள் அரைப்பவர்கள்', ராம்கிங்கர் பெய்ஜின் 'சந்தால் குடும்பம்', சோம்நாத் ஹோரின் 'குழந்தைகள்', நம் மெரினாக் கடற்கரையில் 1959இலிருந்து பாறையைத் தள்ளிக்கொண்டு நிற்கும் தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் 'உழைப்பின் வெற்றி'. நல்ல படைப்புகள்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வரிசையைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று துலங்குகிறது. அரைக்கிறவள், சுமக்கிறவன், பசித்திருப்பவன், தள்ளுகிறவன் எல்லாரும் படத்துக்குள் இருக்கிறார்கள். படத்துக்கு வெளியே தூரிகையோடு நின்று 'நான் இவர்களைப் பார்க்கிறேன்' என்று சொல்லும் இடத்தில் பெரும்பாலும் அவர்கள் இல்லை. நாம் பார்க்கப்படுபவர்களாகவே இந்தியக் கலையில் சேர்த்துக்கொள்ளப்பட்டிருக்கிறோம்.

ராம்கிங்கர் விதிவிலக்கு. பாங்குராவில் ஏழை நாவிதர் குடும்பத்தில் பிறந்தவர். சாந்திநிகேதனில் 'சந்தால் குடும்ப'த்தை அவர் செய்தது 1938இல், சிமெண்டையும் செம்மண் சரளையையும் வைத்து. வெண்கலத்துக்கும் பளிங்குக்கும் வழியில்லாத இடத்தில் கையில் கிடைத்ததை வைத்து நிமிர்த்திய சிலை அது. இந்தப் பாடத்தை நடத்துகிற ஆசிரியர் 'சிமெண்ட், சரளை' என்பதை ஒரு மார்க் விடையாகத்தான் சொல்லித்தருவார். அந்தப் பொருளுக்குள் இருக்கும் பிறப்பும் வறுமையும் துணிச்சலும் யார் நோட்டில் ஏறப்போகிறது?

நிறத்துக்கு வருவோம். கடையில் விற்கும் கலர் பென்சில் டப்பாக்களில் 'தோல் நிறம்' என்று இளஞ்சிவப்பில் ஒரு குச்சி வருவதை எல்லாரும் பார்த்திருப்போம். யாருடைய தோல்? அமெரிக்காவில் கிரயோலா கம்பெனி தன் 'சதை' என்ற நிறத்தின் பெயரை 1962இலேயே 'பீச்' பழத்தின் பெயருக்கு மாற்றிக்கொண்டது. நம் பிள்ளைகள் இன்னும் அம்மாவின் முகத்தை அந்த இளஞ்சிவப்பில்தான் தீட்டுகிறார்கள். கறுப்பாகத் தீட்டினால் 'அசிங்கமா இருக்கு' என்று பக்கத்துப் பிள்ளை சிரிக்கும். சரி, கறுப்பான தோலை எப்படித் தீட்டுவது? கறுப்பு டியூபைப் பிதுக்கினால் வராது, முகம் ஓட்டை மாதிரி ஆகிவிடும். பர்ன்ட் சியன்னாவோடு அல்ட்ராமரைன் நீலத்தைக் கலக்க வேண்டும், பர்ன்ட் அம்பர் வேண்டும். வெளுத்த தோலில் நிழல்தான் முகத்துக்கு வடிவம் கொடுக்கும். கறுத்த தோலில் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழுகிற வெளிச்சம்தான் வடிவம் கொடுக்கும். அந்த வெளிச்சத்தில் வானத்தின் நீலம் ஏறியிருக்கும். வயலில் நிற்கும் நம் ஆட்களின் தோளைப் பாருங்கள், தெரியும். மேல்வகுப்பு ஓவியம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். இதை எந்தப் பள்ளி ஓவிய வகுப்பிலும் சொல்லிக்கொடுத்து நான் கேள்விப்பட்டதில்லை.

கறுப்பர்கள் இந்த இடத்தை எப்படிக் கடந்தார்கள் என்று பார்ப்பது நமக்கு உதவும். சிகாகோவில் சார்லஸ் வைட் என்று ஒருவர், 1918இல் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளி மாணவராக இருந்தபோது, வரலாற்றுப் புத்தகத்தில் கறுப்பர்கள் ஏன் இல்லை என்று கேட்டு ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். ஓவியப் பள்ளிகளின் உதவித்தொகைப் போட்டிகளில் வென்று, நேரில் போய் நின்றதும் கறுப்பர் என்று தெரிந்து திருப்பி அனுப்பப்பட்டவர். 1937இல்தான் சிகாகோ கலைக் கழகத்தில் இடம் கிடைத்தது. அவர் என்ன செய்தார்? ஐரோப்பியர்களின் முறை எனக்கு வேண்டாம் என்று தூக்கிப் போடவில்லை. எலும்பு, தசை, விரல் கணு என்று உடம்பை முழுசாகக் கற்றுக்கொண்டு, அந்த வித்தையால் கூலிக்காரக் கறுப்பர்களின் கைகளை மலை மாதிரி வரைந்தார். பின்னாளில் லாஸ் ஏஞ்சலிஸில் ஓட்டிஸ் கலைக் கல்லூரியில் ஆசிரியரானார். பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே அந்தக் கல்லூரியின் கோடைக்கால ஓவிய வகுப்புக்கு வந்து, வைட்டின் ஓவிய அறையைப் பார்த்துவிட்டு, படித்தால் இவரிடம்தான் என்று முடிவு செய்தவர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல். 1955இல் அலபாமாவில் பிறந்தவர். இன்று அவர் ஓவியங்களில் வரும் மனிதர்கள் எல்லாரும் கறுப்பு. மூன்று விதக் கறுப்பு நிறமிகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குள் சூடும் குளிரும் ஏற்றி, கறுப்புக்குள்ளேயே நூறு கறுப்பைக் காட்டுகிறார். தன்னைப் போலத் தோல் கொண்ட ஓர் ஆசிரியர் தூரிகை பிடித்து நிற்பதைப் பள்ளி வயதில் பார்த்ததுதான் தொடக்கம்.

இதைச் சொன்னால் நம் தோழர்களில் சிலர் கோபப்படுவார்கள். பெர்ஸ்பெக்டிவ், அனாட்டமி எல்லாம் வெள்ளைக்காரன் கொடுத்தது, மேல்தட்டு ரசனை, நமக்குப் பறை இருக்கிறது, கூத்து இருக்கிறது, சுவர்க் கோலம் இருக்கிறது, அதுவே போதும் என்பார்கள். பறையைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் 'உனக்கு நாட்டுப்புறக்கலை, எனக்குக் கவின்கலை' என்ற பங்கீட்டை யார் செய்தது? அதை நாமே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவதா? போகட்டும், கட்டம் போட்டுப் பெரிதாக்குகிற முறை நமக்கு அந்நியமா? பிளக்ஸ் அச்சு வந்து அந்தத் தொழிலைச் சாய்க்கும்வரை, ஒரு போட்டோவில் கட்டம் கட்டி, இருபது அடிப் பலகையில் அதே கட்டத்தைப் போட்டு, சாரத்தில் தொங்கிக்கொண்டு கட்-அவுட்டும் பேனரும் வரைந்தவர்களில் நம் தெரு ஆட்கள் எத்தனை பேர்! கண்ணாடியும் கோட்டும் போட்ட பாபாசாகேப்பின் முகத்தை நம் சுவர்களில் வரைந்த கைகள் எந்தக் கல்லூரியில் படித்தவை? வித்தை நம்மிடம் வந்து, கூலியாகவே நின்றுவிட்டது. நாக்பூரில் பிறந்த சவி சவார்கர் முறைப்படி ஓவியம் படித்துத்தான், பேஷ்வா காலத்தில் கழுத்தில் கலயம் கட்டி நடக்கவைக்கப்பட்ட மனிதர்களைப் பார்க்கிறவன் தூங்கமுடியாதபடி வரைந்தார். சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் படித்து வந்த பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) ஒரு சுவரையும் அதில் தீட்டிய ஒரு முகத்தையும் சுற்றியே ஓடுகிறது. ஒரு சுவரில் யார் முகம் இருக்கும் என்பது அரசியல் என்று புரிந்தவர் எடுத்த படம்.

அரசு என்ன செய்கிறது? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளியில், ஓவியத்துக்குப் 'பகுதிநேர'ப் பயிற்றுநர் என்றுதான் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பேரை எடுத்தார்கள், மாதம் 5,000 ரூபாய்க்கு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். அதற்கும் அவர்கள் எத்தனை முறை சென்னையில் வந்து உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது என்பது செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். வாரத்தில் சில அரைநாள் வந்து போகும் ஒருவரால் கனசதுரத்தைத் தாண்டி உடம்புக்கு எப்போது வர முடியும்? பிள்ளையின் கை பழகத் தொடங்குகிற ஒன்பதாம் வகுப்போடு அந்தப் பகுதிநேரமும் இல்லாமல் போகிறது. சம்பளப் போராட்டத்துக்கு ஆதரவு தெரிவிக்கிற நம் அமைப்புகள், அந்தப் பாடம் மேல்வகுப்பு வரை அரசுப் பள்ளியில் மார்க்கோடு வேண்டும் என்று ஒரு தீர்மானம்கூடப் போட்டதில்லை. மருத்துவம், பொறியியல் இடத்துக்குக் கொடுக்கும் குரலில் கால்வாசி இதற்கும் கொடுக்கலாம்.

அது வரும்வரை நம் இரவுப் பள்ளிகள் இருக்கின்றன. கணக்கும் இங்கிலீஷும் நடக்கிற அதே தெருவிளக்கில், அதே சமுதாயக் கூடத்தில், வாரம் ஒருநாள் ஓவியம் நடத்தலாம். கவின்கலைக் கல்லூரியில் படிக்கிற, படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற நம் பிள்ளைகளைக் கூப்பிட்டால் வருவார்கள். பிளாஸ்டர் சிலை வேண்டாம். செங்கல், நசுங்கிய வாளி, மண்வெட்டி, செருப்பு போதும். கரிக்கட்டையும் பழைய செய்தித்தாளும் போதும், தொடங்க. கிராமக் காட்சி வரையச் சொன்னால் ஓடையில் நின்று வரையச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் தெரியும். ஆள் வரைவதற்குத் தெருவில் ஒரு பாட்டியை உட்காரவைக்கலாம். ஒரு மணிநேரம் அசையாமல் இருக்கணும் என்றால் "என்னத்துக்குடா இந்தக் கெழட்டு மூஞ்சி?" என்று கேட்கும், வெற்றிலை வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்துங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற பாட்டியாக இருந்தால் கூலி போகாதபடி ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வையுங்கள்.