யாருடைய மேளம்?

கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்ததும், முகூர்த்த நேரத்தைப் பார்ப்பதற்கு முன்பே "யாருடைய மேளம்?" என்று விசாரிக்கிறவர்கள் திருவானைக்காவலில் இன்னும் இருக்கிறார்கள். பதில் திருப்தியாக இருந்தால் முதல்நாள் மாப்பிள்ளை அழைப்புக்கே வந்து நிற்பார்கள். இல்லையென்றால் தாலி கட்டும் நேரத்துக்கு வந்து அட்சதை போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

இந்த வட்டாரத்துக் காது இப்படிக் கறாரானதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஊருக்குள் கோயில்கொண்டிருக்கும் அப்புலிங்கத்துக்குத் தீட்சிதர் யமுனா கல்யாணியில் 'ஜம்பூபதே' தந்தார். கூப்பிடு தூரத்து ஸ்ரீரங்கத்து அரங்கனுக்குத் தியாகராஜர் ஐந்து கீர்த்தனைகள் தந்தார்; அவற்றில் 'ஓ ரங்கசாயி'யைக் காம்போதியின் அளவுகோலாகவே ரசிகர்கள் வைத்திருக்கிறார்கள். 1939-இல் திருச்சியில் வானொலி நிலையம் வந்தது. தஞ்சைச் சீமையின் நாயனக்காரர்கள் ஒலிபரப்புக்காக இங்கே வந்து போனார்கள். விடியற்காலை மங்கள இசையில் அறிவிப்பாளர் பெயரைச் சொல்வதற்குள், வாசிப்பது யார் என்று பிடியை வைத்தே சொல்லிவிடுவது காபி நேரத்துப் பந்தயமாக இருந்தது. புதிய வித்வான்கள் இப்படித்தான் 'கண்டுபிடிக்க'ப்பட்டார்கள். ஒருவர் காதில் விழுந்தது மறுநாள் சன்னதி வீதி முழுக்கத் தெரிந்திருக்கும்.

இந்தக் கூட்டத்தில் என்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. ஒன்று ஷேக் சின்ன மௌலானா, இன்னொன்று ஏ.கே.சி. நடராஜன்.

ஏ.கே.சி.யின் கிளாரினெட்டைக் குறைத்துப் பேச யாருக்கும் நியாயமில்லை. நாகஸ்வரம் கற்றவர், வாய்ப்பாட்டும் கற்றவர். சாவி பொருத்திய மேல்நாட்டு வாத்தியத்தில் தோடியின் காந்தாரத்தை அசைத்துக் காட்டியவர். 2008-இல் சங்கீத கலாநிதி, 2022-இல் பத்மஸ்ரீ. அந்தக் கட்சிக்காரர்கள் விறுவிறுப்பையும் கணக்கையும் எடுத்துச் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் ராகம் ஒன்றை அதன் நிழலோடு சேர்த்து நிறுத்துவது யார் என்ற கேள்வி வந்தால், பேச்சு மௌலானாவின் ஸ்ரீரங்கத்துக்குத்தான் திரும்பியாக வேண்டும்.

1924-இல் ஓங்கோல் பக்கத்துக் கரவதியில், தலைமுறைகளாகக் கோயில்களில் நாகஸ்வரம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் மௌலானா. நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் சொக்கிப்போய்த் தஞ்சாவூர் பாணிதான் வேண்டும் என்று முடிவு செய்தார். அதற்காக நாச்சியார்கோயில் ராஜம் - துரைக்கண்ணு சகோதரர்களிடம் பாடம் கேட்டார். பிறகு ஸ்ரீரங்கத்துக்கே குடிவந்து, அரங்கன் நிழலிலேயே வாழ்ந்து, 1999-இல் மறைந்தார். தெலுங்கு மண்ணில் பிறந்தவரின் கையில் காவிரிக்கரைப் பாணி இத்தனை சுத்தமாக நின்றது என்பதை இந்த ஊர்க்காரர்கள் சொந்தப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அவருடைய ஆலாபனையில் கவனிக்க வேண்டியது வேகமல்ல, மூச்சு. எங்கே மூச்சு மாற்றினார் என்று தேடினாலும் அகப்படாது. ஒரு பிடி முடிந்து அடுத்த பிடி தொடங்கும் இடத்தில் சுரம் அறுந்துபோவதில்லை. மெலிகிறது, மெலிந்த இடத்திலிருந்தே அடுத்தது எழுகிறது. தார ஸ்தாயிக்குப் போனாலும் நாதம் பிளிறாது. சீவாளியின் கரகரப்பு காதில் தட்டாது. நாக்கால் சுரத்தை வெட்டும் துத்துக்காரத்தை அளந்தே செலவழிப்பார். காம்போதியில் நிஷாதத்தைத் தொட்டும் தொடாமலும் விடுகிற இடத்தில், பாட்டுக்காரர்கள் பார்த்துப் பொறாமைப்பட வேண்டிய குழைவு இருக்கும். பிருகா வரும், ஆனால் ராகம் கேட்டால்தான் வரும். கைதட்டலுக்காக ஒரு சங்கதி விழுந்ததென்று அவர்மேல் யாரும் குறை சொல்ல முடியாது.

காருகுறிச்சி அருணாசலம்தான் பெரியவர் என்பவர்களும் உண்டு. 'கொஞ்சும் சலங்கை' படத்தில் அவர் வாசித்த ஆபேரியைத் தமிழ்நாடு மறக்கவில்லை, மறக்கவும் வேண்டாம். ஆனால் அந்த ஒரு பாட்டோடு அருணாசலத்தை மூடி வைத்துவிட்டு, மௌலானாவை எட்டிக்கூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது ரசனையாகாது. இருவரும் ராஜரத்தினம் பிள்ளை திறந்துவிட்ட வாசலில் நடந்தவர்கள்தான். திமிரியின் உச்சச் சுருதியைவிட்டுப் பாரி நாயனத்தின் தாழ்ந்த சுருதிக்கு அவர் இறங்கியதால்தான் இப்படி நிதானமாக ராகம் விரிக்க இடம் கிடைத்தது.

அந்த இடம் இப்போது சுருங்கிக்கொண்டே வருகிறது. ஒத்துக்காரர் போய்ச் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. கோயில் வெளியில் தானாக நிரம்ப வேண்டிய நாதத்தை, நாயனத்தின் வாயான அனசுக்கு நேராக மைக்கை வைத்து நசுக்குகிறார்கள். தவிலுக்கு இன்னொரு மைக். ஸ்பெஷல் தவில் இரண்டு வந்துவிட்டால் நாயனம் இருக்கும் இடமே தெரியாது. கல்யாணத்தில் ரிசப்ஷனுக்குச் செண்டை மேளம் என்றாகிவிட்டது. நாயனக்காரருக்குக் கெட்டிமேளமும் இரண்டு சினிமாப் பாட்டும் மட்டும் மிச்சம். சபாக்களிலும் விழாவைத் தொடங்கி வைக்க நாகஸ்வரம் வேண்டும். கூட்டம் சேரும் மாலைக் கச்சேரியில் அதற்கு நாற்காலி கிடையாது. மௌலானாவுக்கே 1998-இல்தான், எழுபதைத் தாண்டிய பிறகு, சங்கீத கலாநிதி வந்தது.

ஒரு நல்ல மாற்றமும் நடந்திருக்கிறது. அலமாரிகளில் தூங்கிய பழைய கேசட்டுகள் கைபேசிக்குள் வந்துவிட்டன. எங்கோ வெளிநாட்டில் இருக்கும் இளைஞர் ஓர் ஆலாபனையை அனுப்பி "இது யார்?" என்று கேட்கிறார், திருவானைக்காவல் பெரியவர் பத்து விநாடி கேட்டுவிட்டுப் பெயரையும், முடிந்தால் தவில் யாரென்பதையும் சொல்லி அனுப்புகிறார். பழைய வானொலிப் பந்தயம்தான் இது, தூரம் மட்டும் கூடியிருக்கிறது.

பதிவோடு நின்றுவிடுகிறவர்கள்மேல்தான் வருத்தம். மௌலானாவின் பேரன்கள் காசிம் - பாபு அதே பாணியை வாசிக்கிறார்கள். அவரிடம் கற்ற ஷேக் மஹபூப் சுபானி - காலீஷாபி மஹபூப் தம்பதிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெண்கள் அபூர்வமாகவே கையில் எடுக்கும் வாத்தியத்தில் காலீஷாபியின் வாசிப்பு தனியாகக் கேட்க வேண்டியது. மௌலானாவைக் கைபேசியில் கேட்டு உருகுகிறவர்கள் இவர்கள் வாசிக்கும் இடம் தேடிப் போகட்டும். போய், மைக்கை அணைக்கச் சொல்லி, ஒரு காம்போதியை முழுசாகக் கேட்கட்டும்.