ஏற்காட்டு மலைப்பாதையில் யார் கெட்டி: அம்பாசடரா, மாருதியா?

காகிதத்தில் பார்த்தால் மாருதி 800 சுலபமாக ஜெயிக்க வேண்டும். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த அந்த வண்டிக்கு 796 சிசி எஞ்சின், ஏறத்தாழ 39 குதிரைத்திறன். எடை சுமார் 650 கிலோதான். 1950-களின் இறுதியில் பிறந்த அம்பாசடரின் 1,489 சிசி பெட்ரோல் எஞ்சின் 50 குதிரைத்திறன் தந்தாலும், 1,100 கிலோவை இழுத்தாக வேண்டும். டன்னுக்கு மாருதிக்கு 60 குதிரைத்திறன், அம்பாசடருக்கு 45.

ஆனால் நம் ஊரில் யார் தனியாக ஏற்காடு போனார்கள்? ஆளுக்கு 65 கிலோ என்று ஐந்து பேரை ஏற்றிப் பாருங்கள். மாருதி 40-க்கு இறங்கிவிடும். அம்பாசடர் 35-ல் நிற்கும். பதினைந்து புள்ளி இடைவெளி ஐந்தாகச் சுருங்குகிறது. இழுவிசையில் நிலைமை தலைகீழ். அம்பாசடரின் பெரிய எஞ்சின் குறைந்த சுற்றிலேயே நிதானமாக இழுக்கும். மாருதியின் மூன்று சிலிண்டரை முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் விட்டால் உடனே கியரைக் குறைக்கச் சொல்லும். ஏற்றத்தில் பாரம் பின்னால் சாய்வதால், முன்சக்கரம் இழுக்கும் மாருதிக்கு ஈரச் சாலையில் பிடிப்பும் குறையும்.

இந்த இடத்தில் அம்பாசடர் ரசிகர்கள் கொண்டாடிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம், வளைவுகள் பாக்கி இருக்கின்றன. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல் பக்கம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினால் 70. மாருதியைவிட அம்பாசடர் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். எதிரே பேருந்து வரும்போது அந்த ஒரு மீட்டரின் அருமை ஓட்டுநருக்குத்தான் தெரியும். கோடை வெயிலில் ரேடியேட்டர் கொதித்து, வழியில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவதும் அம்பாசடருக்கே அதிகம் நேர்ந்தது.

இறக்கம் இன்னும் கடுமையான தேர்வு. அம்பாசடருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஆட்களோடு சேர்த்து ஏறத்தாழ ஒன்றரை டன் பாரம். மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு தளரும். இரண்டாவது கியரில் கட்டி இறக்கத் தெரிந்தவர் கையில்தான் அது பத்திரமான வண்டி.

சமவெளிக் கதை வேறு. ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்துக் குண்டும் குழியுமான கிராமச் சாலைகளில், குடும்பத்தோடு மூட்டை முடிச்சும் ஏற்றிப் போக அம்பாசடரின் 15 அங்குலச் சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் முன்னால் மாருதியின் 12 அங்குலச் சக்கரம் ஈடாகாது.

இரண்டின் உற்பத்தியும் 2014-ல் நின்றது. என் தீர்ப்பு இதுதான்: சமவெளி அம்பாசடருக்கு, மலை, ஐந்து பேர் ஏறினாலும், மாருதிக்கே.