வற்றிய ஏரியில் கோடைப் பயிற்சி

கல்லூரித் தேர்வுகள் முடிந்த கையோடு சென்னை ஏரிக்கரைகளில் மாணவர் தலைகள் தென்படத் தொடங்கும். கோடைக்காலச் சுற்றுச்சூழல் ஆய்வுப் பயிற்சிக்கு வந்தவர்கள். முதல் வாரக் குறிப்புகளில் பெரும்பாலும் ஒரே பல்லவி: தண்ணீர் கறுப்பு, நாற்றம், பறவையே இல்லை.

எழுதியதில் பொய் இல்லை. ஆனால் பள்ளிக்கரணைக்கு மே மாதத்தில் போய்ப் பறவையைத் தேடினால் எப்படி? அந்தச் சதுப்புநிலம் நிரம்புவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில். வலசைப் பறவைகள் அதையொட்டி வந்து, வெயில் ஏறுவதற்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும். 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறிய இடத்தை, அதன் மெலிந்த மாதமொன்றில் மட்டும் பார்த்துவிட்டு, மாசுதான் பறவைகளை விரட்டியது என்று முடிவெழுதுவது அவசரம். அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் இளநிலை மாணவர்களுக்கு நடத்திவரும் ஆய்வுப் பயிற்சியும் பெரும்பாலும் கோடையில்தான். அங்கே காடு தழைக்கும் பருவம் அது. நம் ஏரிக்கு அது வற்றும் பருவம்.

மாதம் போகட்டும், மணியும் இடிக்கிறது. பாசி மண்டிய ஏரியில் கரைந்த ஆக்சிஜன் பகல் வெயிலில் ஏறும்; இரவெல்லாம் பாசி உட்பட எல்லா உயிர்களும் அதைச் சுவாசித்துத் தீர்க்க, விடியலுக்குச் சற்று முன் அடிமட்டத்துக்கு இறங்கும். மீன்கள் பல சமயம் விடியற்காலையில் செத்து மிதப்பதற்குக் காரணம் இதுவே. கல்லூரி வேன் பதினொரு மணிக்கு வந்து மாதிரி எடுத்தால், மூச்சுத்திணறும் ஏரியும் நலமாக இருப்பதாகவே அட்டவணை சொல்லும்.

ஆனாலும் இந்தப் பயிற்சியை வேண்டாமென்று தள்ள எனக்கு மனமில்லை. குப்பியில் ஒரு காற்றுக்குமிழியும் தங்காமல் நீர் பிடித்து, கரையிலேயே வேதிப்பொருள் சேர்த்து ஆக்சிஜனை நிலைப்படுத்தும் கைப்பக்குவம் வகுப்பறையில் வராது. வறட்சிக்கும் ஒரு பயன் உண்டு. நீர் இறங்கினால் மதகும் கலங்கலும் ஆக்கிரமிப்பின் எல்லையும் வெளியே தெரியும். பல மாதம் மழையில்லாத மேயிலும் வரத்துக்கால்வாயில் நீர் ஓடினால் முதல் சந்தேகம் சாக்கடைமேல்தான். அதை மேல்நோக்கி நடந்தே தொடர்ந்து, எந்தத் தெருவில் கலக்கிறது என்று வரைபடத்தில் குறிப்பது கோடைக்கே உரிய ஆய்வு. அதை விட்டுவிட்டுப் பறவை எண்ணப் போகிறார்கள்.

பெரிய குறை தொடர்ச்சியின்மை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹப்பர்ட் புரூக் காட்டில் 1963 முதல் ஓடை நீரையும் மழைநீரையும் விடாமல் சோதித்ததால்தான் அங்கே அமிலமழை பிடிபட்டது. அப்படிப்பட்ட பதிவேட்டில் சேரும் சில வார அளவீட்டுக்கு எடை உண்டு. இங்கே ஒவ்வோர் அணிக்கும் புதுத் தலைப்பு, புது இடம். அறிக்கை பைண்டிங் ஆகி அலமாரிக்குப் போகிறது. சில இடங்களில் மாணவரே கட்டணமும் கட்டுகிறார், சான்றிதழுக்காக.

மேயில் நின்ற அதே இடத்தில் அதே மாணவர் நவம்பரிலும் ஜனவரியிலும் நிற்க வேண்டும். எண்கள் அடுத்த அணிக்குக் கைமாற வேண்டும். நவம்பரில் செமஸ்டர் தேர்வு என்பார்கள் துறைத்தலைவர்கள். கேட்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மட்டுமே. வேன் அன்று ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும்.