வெள்ளை டைல்ஸின் வேலை

சுவர் பெயிண்டிலும் பற்பசையிலும் வெண்மைக்காகச் சேர்க்கிற பொடிதான் டைட்டானியம் டை ஆக்சைடு. இதன் இன்னொரு முகத்தை 1967இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அகிரா ஃபுஜிஷிமா பார்த்தார். அப்போது அவர் ஆய்வு மாணவர். தண்ணீரில் மூழ்கிய டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் ஒளி பட்டதும் குமிழிகள் கிளம்பின, தண்ணீர் பிரிந்துகொண்டிருந்தது. பேராசிரியர் ஹோண்டாவோடு சேர்ந்து 1972இல் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றி எழுதினார்.

பிறகு, கிருமிகளைக் கொல்வதற்காக, ஜப்பானியர்கள் இந்த டைட்டானியம் டை ஆக்சைடை டைல்ஸ் மேல் மெல்லிய படலமாக ஏற்றினார்கள். எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான். புறஊதாக் கதிர் பட்டதும் ஓர் எலக்ட்ரான் தன் இடத்தை விட்டுத் துள்ளுகிறது. அந்த வெற்றிடம் காற்றின் ஈரத்தைப் பிடித்து ஹைட்ராக்சில் என்னும் முரட்டு மூலக்கூறைப் பிறப்பிக்கிறது. அது பாக்டீரியாவின் சவ்வைக் கிழிக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் கசிந்துபோகிறது. கொன்றதோடு நிற்பதுமில்லை, செத்த உடலையும், அது விட்டுச்செல்லும் நச்சையும்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கிறது. கிருமிநாசினி தெளித்தால் தீர்ந்துபோகும்; இந்தப் படலமோ வினையூக்கி, வேலை செய்து தேய்வதில்லை.

அவசரக்காரர்களுக்கு இது ஆகாது. பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அழுக்கு கனமாக மூடினால் ஒளி உள்ளே போகாது. சாதாரண எல்இடி விளக்கில் புறஊதா அநேகமாக இல்லை. ஆகவே எந்த அறையிலும் எல்லாக் கிருமியும் சாகும் என்று விற்பவர்களை நான் நம்பமாட்டேன். இருட்டுக்கும் சேர்த்து யோசித்து வெள்ளியையும் செம்பையும் படலத்தில் கலந்தவர்களை மிகவும் மதிக்கிறேன்: விளக்கு அணைந்த பிறகு அந்த உலோகங்கள் காவலைத் தொடர்கின்றன.