பரட்டையின் இசையும் இறையியலும்

சமயக் கருத்து நூலில் உறைவது; இசை அதற்கு அணி மட்டுமே என்பது கற்றோர் பலர் கொள்கை. மொழியும் மெட்டும் கருவியுங்கூட இறையியலே என்று நாட்டியவர் தியோப்பிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த அவர், 'பரட்டை' என்னும் புனைபெயரில் நாட்டுப்புற மெட்டுக்களில் பாடல்கள் இயற்றினார். கிராமிய இசையிலேயே முழு வழிபாட்டு முறையொன்றையும் ஆக்கினார்.

தமிழ்க் கிறித்தவ இசைக்கு நெடிய மரபுண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) குறவஞ்சி வடிவத்தைக் கையாண்டு பெத்லகேம் குறவஞ்சி பாடினார். ஆயினும், சாதி வேற்றுமையை விடுமாறு வற்புறுத்திய பாதிரிமாருடன் வாதிட்டவரும் அவரே. மக்கள் வடிவத்தை எடுத்தாளுதல் வேறு. மக்கள் பக்கம் நிற்றல் வேறு என்பதற்கு இது சான்றாகும்.

அப்பாவு இரண்டையும் ஒன்றாக்க முயன்றார். 'பிதா' என்னும் ஆண்பாற் சொல்லை விடுத்து, தாய் தந்தை இருவரையும் குறிக்கும் 'பெத்தவரே' என்னும் பேச்சுவழக்கால் இறைவனை விளித்தார். யார் யாருடன் உண்ணலாகாது என்னும் தடையிலன்றோ சாதி வேரூன்றியுள்ளது! ஆதலின், ஒரே உலைச் சோற்றைப் பகிர்ந்துண்ணும் குடும்பமாக மனித குலத்தைக் கண்டார். பறையையும் வழிபாட்டுக்குள் கொணர்ந்தார். பெக்கோக் வட்டாரத் தோட்டத்து லயங்களில் வளர்ந்தோர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. சாவு வீட்டில் தப்பு முழங்குவதையும், அதை அடித்தவர் வாசலிலேயே நின்றதையும் அறிந்தவர்கள் அவர்கள்.

அமெரிக்க இசையறிஞர் சோயி ஷெரினியன் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட நூல், இப்பாடல்களைப் பாடும் மக்கள் அவற்றைத் தாமே மாற்றிக்கொள்ளும் உரிமையை வற்புறுத்துகிறது. அப்பாவும் அதனைக் குறையாகக் கருதவில்லை.

ஈண்டு ஒரு வினா எழும். நாட்டார் வழக்கில் உழைப்பின் பெருமை மட்டுமா உண்டு? பெண்ணை இழித்தலும் சாதிச் செருக்கும் அங்கும் உள. பாடலை மக்கள் கையில் ஒப்புவித்தால் அவையும் மீண்டும் நுழையலாமே! இவ்வச்சம் பொருளற்றதன்று. ஆனால், அச்சிட்ட பாட்டுப் புத்தகம் சாதியைத் தடுத்ததா? பதங்குலையாத பாடல்களைப் பாடிய கோயில்களிலேயே தனித்தனி இருக்கைகளும் இருந்தன. ஆகவே, காவல் சொல்லில் இல்லை. பாடுவோரின் வாழ்விலேயே உண்டு.

பாடுவோரை வெறும் கேட்போராய் நிறுத்தாது, பொருள் காண்போராய் உயர்த்தியதே அப்பாவுவின் தொண்டு. அவர் பாடல்களை மாற்றாமல் பேணுவோரினும், பொருளுணர்ந்து மாற்றிப் பாடுவோரே அவருக்கு உண்மை மாணாக்கராவர்.