பழைய 800-உம் போர் தண்ணீரும்

மாருதி 800-ஐ வீட்டு வாசலில் நிறுத்தி நாமே பழுது பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். 1990-களின் கார்புரேட்டர் மாடலில் வேலை பார்த்த அளவில் சொல்கிறேன், அது பாதி உண்மை. 796 சிசி, மூன்று சிலிண்டர். பானெட்டைத் தூக்கினால் எல்லாம் கைக்கு எட்டுகிறது. 2014-இல் உற்பத்தி நின்றுவிட்டாலும் பிளக், ஃபில்டர், கிளட்ச் கேபிள் இன்னும் கிடைக்கின்றன. புதிதாக ஸ்பேனர் பிடிப்பவருக்கு இதைவிட நல்ல வண்டி இல்லை.

மறுபாதி, வண்டி இத்தனை காலம் எங்கே, எதைக் குடித்து ஓடியது என்பதில் இருக்கிறது.

ரேடியேட்டர் தண்ணீர் மாற்றுவதையே எடுத்துக்கொள்வோம். எளிய வேலைதான். ஆனால் புதுக்கோட்டைப் பக்கம் ஓடிய பழைய வண்டிகள் பலவற்றில் வருடக்கணக்காகப் போர் தண்ணீர்தான் ஊற்றியிருப்பார்கள். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். கூலன்ட் இல்லாத உப்புத் தண்ணீர் இரண்டையும் சேர்த்தே அரிக்கும். தெர்மோஸ்டாட் மூடியின் எஃகு போல்ட் அலுமினிய மரைக்குள் இறுகிப்போயிருக்கும். அழுத்தித் திருகினால் தலை மட்டும் கையோடு வரும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, மறுநாள் லேசாகச் சூடு காட்டி, கொஞ்சம் இறுக்கிக் கொஞ்சம் தளர்த்திக் கழற்றுவதே வழி. அவசரப்பட்டால் ட்ரில் போட்டு, புது மரை வெட்ட வேண்டிவரும்.

மூடியைத் திறந்தால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இருக்காது! நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கென்று யாரோ எப்போதோ கழற்றியிருப்பார்கள். இது தவறான வைத்தியம் என்று அழுத்திச் சொல்வேன். அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடேற வெகுநேரம் பிடிக்கும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் ஏறும்.

அடுத்தது இன்னும் எதிர்பாராதது. துருவை அலசிவிட்டு நல்ல கூலன்ட் ஊற்றியதும் புதிதாக ஒழுகத் தொடங்கும். ஓட்டைகளை இத்தனை நாள் அந்தத் துருவும் சுண்ணாம்புப் படிவுமே அடைத்து வைத்திருந்தன. பிளாக்கின் பக்கவாட்டு மூடிகளையும் வாட்டர் பம்பையும் கையோடு பார்த்துவிடுவது நல்லது.

பெட்ரோல் குழாய்களும் கவனிக்க வேண்டியவை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின், சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடியதும் ரப்பர் பாகங்களை மாற்ற நேரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-இல் சொன்னது. கார்புரேட்டரைத் தொடும்போதே ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள்.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் உப்புக் காற்றில் நின்ற வண்டியென்றால், ஜாக் வைக்கும் இடத்தை முதலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். தகரம் உள்ளே போனால் ஜாக் ஏற்றவே கூடாது. வெல்டிங் முடித்த பிறகுதான் மற்ற வேலை.

வாங்கலாமா? இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது வேறு வண்டி பாருங்கள். பச்சைக் கூலன்ட் தெளிவாக நின்றால் தயங்காமல் வாங்குங்கள்.