உறுமலுக்கும் செவி கொடுப்போம்

மைசூருக்கு அயல்நாட்டு இசை புதிதன்று. ரஷ்ய இசைமேதை மெட்னரின் படைப்புகள் 1940களின் இறுதியில் இசைத்தட்டுகளாக வெளிவரப் பொருளுதவி செய்தவர் மன்னர் ஜெயசாமராஜ உடையார். ஆனாலும் வீட்டில் பிள்ளைகள் ஹெவி மெட்டல் போட்டால், "என்னடா இது, தொண்டை கிழியக் கத்துறான்!" என்கிறோம்.

அது வெறும் கத்தல் அன்று. பெரும்பாலும் குரல்நாண்களுக்கு மேலுள்ள பொய்க்குரல் மடிப்புகளை அதிரவைத்து, அடிவயிற்று மூச்சால் எழுப்பும் பயின்ற ஒலி. யட்சகானத்தில் அரக்க வேடம் ஆர்ப்பரித்து நுழையும்போது நாம் ராகமா தேடுகிறோம்? தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளில் அச்சமும் வெகுளியும் உண்டு. உறுமல் அவற்றின் குரல்.

கேட்டுப் பழக, ஸ்வீடன் நாட்டு ஓபெத் குழுவின் 'பிளாக்வாட்டர் பார்க்' (2001) ஏற்றது. மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட் மென்குரலிலும் பாடுவார், உறுமவும் செய்வார். ஒன்று முடிந்து மற்றது எழும் இடத்தைக் கவனித்தால், உறுமல் ஏன் வந்தது என்பது தானே விளங்கும். பக்கத்துப் பெங்களூரில் 1998இல் தொடங்கிய க்ரிப்டோஸ் குழுவிலோ, இனிய இரட்டைக் கிட்டாரின்மேல் கரகரத்த குரல் ஏறி வரும்.

குறையும் உண்டு. சொல் புரிவதில்லை, சாகித்தியத்தை உயிராக மதிக்கும் நமக்கு அது பெரிய இழப்புதான். தொடக்கம் முதல் முடிவு வரை உறுமினால் வெகுளியும் சலித்துப்போகும்.

பாட்டு வரிகளை அச்சில் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு பாட்டு முழுக்கக் கேளுங்கள். பிடிக்காமல் போகலாம், போகட்டுமே! நம்ம பிள்ளை எதைக் கேக்குதுன்னாவது தெரியும்.